மானியத்தை நம்பி விமானம் ஏறாதே

அன்புள்ள செல்வம்,

அம்மா மறுபடியும் மாடிப்படி ஏற ஆரம்பித்துவிட்டார் என்று எழுதியிருந்தாய். முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்த சூட்டோடு வடகம் காயப்போட மொட்டைமாடிக்குப் போகிறவரை யாரால் தடுக்க முடியும்? என் வணக்கத்தைச் சொல். இங்கே சிங்கப்பூரில் பெரியவன் தேசிய சேவைக்கு, அதாவது கட்டாய ராணுவப் பணிக்குப் போய்விட்டான். புலாவ் தெக்கோங் தீவில் அடிப்படைப் பயிற்சி. வார இறுதியில் வீட்டுக்கு வந்தால் பாதி நேரம் தூங்குகிறான், மீதி நேரம் சாப்பிடுகிறான். முன்பெல்லாம் எதைக் கேட்டாலும் "சும்மா இருங்கப்பா" என்பவன், இப்போது சொல்லாமலேயே படுக்கையை மடித்து வைக்கிறான். என் மனைவிக்கு அதுவே கவலையாக இருக்கிறது!

உன் கடிதத்தின் முக்கியமான கேள்விக்கு வருகிறேன். "சிங்கப்பூர் அரசாங்கமே பணம் கொடுத்து ஸ்டார்ட்அப் கம்பெனிகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவைக்கிறதாமே, அங்கே ஒரு கம்பெனி பதிவுசெய்தால் எனக்கும் கிடைக்குமா?" என்று கேட்டிருக்கிறாய். கிடைக்காது. குறைந்தது 30 சதவீதப் பங்கு உள்ளூர்க்காரர்கள் கையில் இருக்க வேண்டும். என்னைப் பெயருக்குப் பங்குதாரராகப் போடலாம் என்று நீ எழுதவில்லைதான், ஆனாலும் உன்னை எனக்குத் தெரியும். அந்த யோசனை வேண்டாம்.

ஆனால் அந்த மானியம் எப்படி வேலை செய்கிறது என்பதை நீ தெரிந்துகொள்வது நல்லது. கோயம்புத்தூரில் உட்கார்ந்துகொண்டு நூற்பாலைச் சென்சார் கருவியை விற்க வங்கதேசத்துக்கும் வியட்நாமுக்கும் போகத் திட்டமிடுகிறவனுக்கு அதில் பாடம் இருக்கிறது. எங்கள் கம்பெனியின் கணக்கு முழுவதும் என் மேசையில்தான் முடிகிறது என்பதால், விளம்பரத் துண்டுப் பிரசுரத்தில் இல்லாத பக்கத்தையும் பார்த்திருக்கிறேன்.

இங்கே இதற்கான அமைப்பின் பெயர் எண்டர்பிரைஸ் சிங்கப்பூர். உள்ளூர் நிறுவனங்களை வளர்க்க ஒன்று, வெளிநாட்டு வணிகத்துக்கு ஒன்று என்று இரண்டு தனி அமைப்புகளாக இருந்ததை 2018 ஏப்ரலில் ஒன்றாக்கினார்கள். சிறு நிறுவனம் ஒரு புதிய நாட்டில் கால் வைக்க 2020 முதல் ஒரு நாட்டுக்கு 1 லட்சம் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை கொடுக்கும் திட்டம் இருக்கிறது. கேட்க இனிப்பாக இருக்கிறதல்லவா? அந்த 1 லட்சத்தைப் பிரித்துப் பார். விளம்பரம், கண்காட்சி வகைக்கு 20,000. ஆள் வைத்து வாடிக்கையாளர் தேடுவதற்கு 50,000. சட்ட ஆலோசனை, பதிவு போன்ற வேலைகளுக்கு 30,000. ஒன்றில் மிஞ்சியதை இன்னொன்றுக்குத் திருப்ப முடியாது. கொரோனா காலத்தில் அரசின் பங்கை உயர்த்தினார்கள், பிறகு 2023-இல் செலவில் பாதி என்று இறக்கினார்கள். பாதி என்றால் 1 லட்சம் வாங்க 2 லட்சம் செலவழித்திருக்க வேண்டும். அதுவும் முதலில் நம் பணம் போக வேண்டும். பில், பணம் கட்டியதற்கான சான்று, அறிக்கை எல்லாம் கொடுத்த பிறகுதான் அவர்கள் பங்கு வரும். மனு போடுவதற்கு முன்பே யாரிடமாவது ஒப்பந்தம் போட்டு முன்பணம் கொடுத்துவிட்டால் அந்தச் செலவு கணக்கில் சேராது.

அதாவது, பணம் இல்லாதவனுக்கு இது உதவாது. இருப்பவனுடைய பயத்தைக் கொஞ்சம் குறைக்கும். வரிச் சலுகை கதையும் இதேதான். வெளிநாட்டுச் சந்தைக்காகச் செய்யும் செலவை இரண்டு மடங்காகக் காட்டி வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம். ஒரு வரம்பு வரை முன் அனுமதிகூட வேண்டாம். லாபமே பார்க்காத கம்பெனிக்கு இதில் என்ன இருக்கிறது? கழிக்க வருமானம் வேண்டாமா? எங்கள் முதலாளி இதைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை, சம்பளத் தேதி பக்கத்தில் இருந்தது.

நாங்கள் போனது இந்தோனேசியாவுக்கு. எங்களுடையது கிடங்குச் சரக்கைக் கணக்கு வைக்கும் மென்பொருள். கண்காட்சியில் சிங்கப்பூர் அரங்கு என்று ஒரு பெரிய மண்டபப் பகுதி எடுத்து, எங்களைப் போன்றவர்களுக்கு ஆளுக்கொரு சிறு கடை கொடுத்திருந்தார்கள். வந்தவர்களில் பாதிப் பேர் எங்களுக்கு எதையாவது விற்க வந்தவர்கள். பக்கத்துக் கடைக்காரர் ஆயர் ராஜா கிரசென்டில் 71-ஆம் பிளாக்கில் இருப்பவர், எங்கள் அலுவலகத்திலிருந்து நடந்தே போய்விடலாம். இடிக்க இருந்த பழைய தொழிற்பேட்டைக் கட்டடத்தை 2011-இல் ஸ்டார்ட்அப்களுக்குத் திறந்துவிட்டார்களே, அந்த இடம்தான். கடல் தாண்டிப் போய் இரண்டு பேரும் விசிட்டிங் கார்டு மாற்றிக்கொண்டோம். படம் எடுத்தார்கள். அறிக்கையில் அந்தப் படம் அழகாக வந்திருந்தது.

வேலைக்கு ஆனது வேறொன்று. எண்டர்பிரைஸ் சிங்கப்பூருக்கு வெளிநாடுகளில் 35-க்கும் மேற்பட்ட அலுவலகங்கள் இருக்கின்றன. ஜகார்த்தா அலுவலகத்தில் இருந்த ஒருவர் எங்கள் திட்டத்தைக் கேட்டுவிட்டு, "நீங்கள் சொந்தமாகக் கம்பெனி தொடங்காதீர்கள்" என்றார். வெளிநாட்டு முதலீட்டுக் கம்பெனி என்றால் நிலம், கட்டடம் நீங்கலாக 1,000 கோடி ரூபியாவுக்கு மேல் முதலீட்டுத் திட்டம் காட்ட வேண்டும். நம் ரூபாயில் ஐந்து கோடிக்கு மேல். மானியத்தில் பதிவுக்கென்று இருக்கும் 30,000 வெள்ளி அதற்கு எந்த மூலைக்கு? உள்ளூர் மென்பொருள் விற்பனையாளர் ஒருவரோடு சேர்ந்து போகச் சொன்னார், யாரைப் பார்க்கலாம் என்றும் சொன்னார். தரவு எங்கே இருக்க வேண்டும் என்ற பயத்தையும் அவர்தான் தெளிவித்தார். 2012-இல் வந்த விதிப்படி பொதுச் சேவை தரும் மின்னணு அமைப்புகள் தரவு மையத்தை அந்த நாட்டுக்குள்ளேயே வைக்க வேண்டும் என்று இருந்தது. 2019-இல் புதிய விதி வந்து தனியாருக்குத் தளர்த்திவிட்டது. நாங்கள் படித்து வைத்திருந்தது பழைய விதிக்கான கட்டுரைகளை. அந்த அரை மணி நேரப் பேச்சுக்கு எந்த மானியத் தலைப்பும் கிடையாது; எங்களுக்கு மிச்சமானதோ மானியத்தைவிடப் பெரிய தொகை.

இன்னொன்றும் இருக்கிறது, வெளியே அதிகம் பேசப்படாதது. 2014-இல் இங்கே இளம் தொழில்நுட்ப நிறுவனங்களுக்குத் தரச் சான்று தரும் திட்டம் ஒன்றைத் தொடங்கினார்கள். பொருளையும் நிதி நிலையையும் சோதித்துச் சான்று கொடுப்பார்கள். அதை வைத்து அரசுத் துறைகள் துணிந்து வாங்கலாம். உன்னைப் போல வெளியே விற்கப் போகிறவனிடம் கேட்கப்படும் முதல் கேள்வி என்ன? "உங்கள் ஊரில் யார் வாங்கியிருக்கிறார்கள்?" அதற்குப் பதில் இல்லாமல் கண்காட்சியில் எவ்வளவு பெரிய அரங்கு எடுத்தும் பயனில்லை. அரசாங்கம் மானியம் கொடுப்பதைவிடச் சரக்கை வாங்குவது மேல் என்பது என் முடிவு. கொள்முதல் அதிகாரிக்கு அது தலைவலி, அதனால் எந்த நாட்டிலும் சுலபமாக நடப்பதில்லை.

வெளிச் சந்தைக்கு வழி திறக்கும் விஷயத்தில் இஸ்ரேல்காரர்கள் செய்ததைப் படிக்கும்போது எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட வந்தது. 1992-இல் அவர்கள் இன்பால் என்று ஒரு திட்டம் போட்டார்கள். தொழில்நுட்ப நிறுவனங்களில் பணம் போடும் நிதிகளுக்கு, நஷ்டம் வந்தால் மூலதனத்தில் 70 சதவீதத்துக்கு அரசு உத்தரவாதம். விழுந்தால் தாங்க மெத்தை இருக்கிறதே என்று யாரும் பெரிதாக மெனக்கெடவில்லை, திட்டம் படுத்துவிட்டது. அடுத்த ஆண்டே யோஸ்மா என்ற பெயரில் 10 கோடி டாலரோடு வேறு மாதிரி வந்தார்கள். நஷ்டத்துக்கு உத்தரவாதம் எதுவும் கிடையாது. ஒவ்வொரு நிதியிலும் ஒரு வெளிநாட்டு முதலீட்டு நிறுவனம் கட்டாயம் கூட்டாளியாக இருக்க வேண்டும். அரசு ஏறத்தாழ 40 சதவீதம் போடும். நன்றாக ஓடினால் ஐந்து ஆண்டுக்குள் அரசின் பங்கைப் போட்ட விலைக்கு வட்டி சேர்த்து வாங்கிக்கொள்ளலாம். பத்து நிதிகளில் பெரும்பாலானவை அப்படியே வாங்கிக்கொண்டன. அந்த வெளிநாட்டுக் கூட்டாளிகள் பணத்தோடு தங்கள் ஊர்த் தொடர்புகளையும் கொண்டுவந்தார்கள், சந்தைக் கதவு அதில் திறந்தது.

அதற்கும் முன்னால் 1977-இல் அமெரிக்காவும் இஸ்ரேலும் சேர்ந்து பேர்ட் என்ற அறக்கட்டளையைத் தொடங்கின. ஒரு இஸ்ரேல் நிறுவனமும் ஒரு அமெரிக்க நிறுவனமும் சேர்ந்து வந்தால்தான் மனுவையே பார்ப்பார்கள். ஆய்வுச் செலவில் பாதி வரை தருவார்கள். பொருள் விற்றால் விற்பனையிலிருந்து திருப்பிக் கொடுக்க வேண்டும், விற்காவிட்டால் கொடுக்க வேண்டாம். இதே பாணியில் சிங்கப்பூருக்கும் இஸ்ரேலுக்கும் 1997-இல் ஒன்று வந்தது. இந்தியாவுக்கும் 2017-இல் 4 கோடி டாலரில் ஒன்று அறிவித்தார்கள். இதில் எனக்குப் பிடித்தது ஒரே ஒரு நிபந்தனைதான்: எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஒருவன் ஏற்கெனவே கையை மடிக்குள் விட்டிருக்க வேண்டும். அவன் காசு எடுக்கிறானா என்பதைவிட நல்ல தேர்வுக் குழு எந்த அரசிலும் கிடையாது.

இப்போது உன் விஷயம். ஃபிரெஷ்வொர்க்ஸ் மென்பொருள் கம்பெனியைக் காட்டி எழுதியிருக்கிறாய். 2010-இல் சென்னையில் ஆரம்பித்தார்கள், 2021-இல் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் பட்டியலானார்கள், உண்மைதான். ஆனால் அவர்கள் விற்றது இணையத்தில் பார்த்து, சோதித்து, அட்டையில் பணம் கட்டி வாங்கக்கூடிய பொருள். உன் கருவியை நூல் நூற்கும் ரிங் ஃபிரேம் இயந்திரத்தில் ஒவ்வொரு ஸ்பிண்டிலுக்கும் (கதிருக்கும்) பொருத்த ஆள் போக வேண்டும். ராத்திரி ஷிஃப்டில் சென்சார் மக்கர் செய்தால் காலைக்குள் யாராவது வந்து நிற்க வேண்டும். அதனால் உனக்கு அங்கே அலுவலகம் தேவையில்லை. நூற்பாலை இயந்திரங்களுக்கு ஏற்கெனவே பராமரிப்பு செய்கிற ஒரு ஏஜென்ட் தேவை. இந்தோனேசியா என்றால் பாண்டுங் பக்கம் தேடு, ஆலைகள் அந்த வட்டாரத்தில்தான் அதிகம்.

நீ மத்திய அரசின் ஸ்டார்ட்அப் இந்தியா அங்கீகாரம் வாங்கியாயிற்று. நல்லது, ஆனால் அதை வைத்து டாக்காவில் யாரும் டீகூட வாங்கித் தர மாட்டார்கள். ஏற்றுமதி மேம்பாட்டு மன்றம் வழியாகக் கண்காட்சிக்குப் போனால் கடை வாடகையிலும் டிக்கெட்டிலும் ஒரு பங்கு திரும்பக் கிடைக்க வழி உண்டு. 2025 நவம்பரில் மத்திய அமைச்சரவை 25,060 கோடி ரூபாயில் ஏற்றுமதி ஊக்குவிப்பு இயக்கம் ஒன்றுக்கு ஒப்புதல் தந்தது. உன் ஆடிட்டரிடம் அதில் சிறு நிறுவனங்களுக்கு என்ன இருக்கிறது என்று பார்க்கச் சொல். ஆனால் வருகிற பணத்தை வரவு செலவுத் திட்டத்தில் வரவாக எழுதாதே. வந்தால் வரட்டும்.

நான் உன் இடத்தில் இருந்தால் முதலில் போகிற கதவு இ.சி.ஜி.சி. 1957 முதல் இருக்கிற மத்திய அரசு நிறுவனம், பெயரைக் கேட்டாலே கொட்டாவி வரும். வெளிநாட்டுக்காரன் பணம் தராமல் போனால் ஈடு தரும் காப்பீடு கொடுக்கிறார்கள். 2022-க்குப் பிறகு வங்கதேசத்தில் டாலர் தட்டுப்பாட்டால் எல்.சி. (வாங்குகிறவன் சார்பில் வங்கி தரும் பண உத்தரவாதக் கடிதம்) திறக்கவே வங்கிகள் திணறியதை உன் ஊர் நூல் வியாபாரிகள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். வாங்குகிறவன் நல்லவனாக இருந்தும் அவன் நாட்டில் டாலர் இல்லாமல் போகலாம். அதற்குத்தான் அரசாங்கம் என்று ஒன்று முதுகுக்குப் பின்னால் வேண்டும்.

மென்பொருள் ஏற்றுமதியைக் கணக்குக் காட்டும் சாஃப்டெக்ஸ் படிவத்தில் உன்னை அலையவிட்டார்கள் என்று இரண்டு பத்தி திட்டியிருந்தாய். திட்டு, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் படிவத்தில் சான்று போடும் மென்பொருள் தொழில்நுட்பப் பூங்கா அமைப்பை 1991-இல் தொடங்கியபோது வீட்டுக்குத் தொலைபேசி கேட்டுப் பதிவுசெய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த காலம். நம் பூத் வாசலில் எஸ்.டி.டி. கட்டணம் குறைகிற ராத்திரி நேரத்துக்காக நின்றது நினைவிருக்கிறதா? அப்போது அவர்கள் செயற்கைக்கோள் இணைப்பு கொடுத்தார்கள். சின்ன கம்பெனிகளும் அமெரிக்காவுக்கு மென்பொருள் அனுப்ப முடிந்தது. காசாக ஒரு பைசா கொடுத்ததைவிட அது பெரிய உதவி. இன்று அதே மாதிரி என்ன செய்யலாம் என்று யோசிக்கிற அதிகாரி எங்காவது ஒருவர் இருப்பார், நம் கண்ணில் படவில்லை.

வங்கதேசத்து நாராயண்கஞ்சில் ஒரு ஆலைக்காரர் சோதனைக்கு ஒரு ஃபிரேம் தருவதாகச் சொன்னார் என்று எழுதியிருந்தாயே, அவரிடம் இலவசமாகப் பொருத்தித் தருவதாகச் சொல்லிவிடாதே. பாதி விலையாவது கேள். தருகிறார் என்றால் உடனே எனக்கு எழுது. எங்கள் முதலாளிக்கு டாக்காவில் பழக்கமான வங்கிக்காரர் ஒருவர் இருக்கிறார், அந்த ஆலை எல்.சி.க்குப் பணம் ஒழுங்காகக் கட்டுகிறதா என்று விசாரித்துச் சொல்கிறேன். தீபாவளிக்கு ஊருக்கு வருவதாக இருக்கிறோம். பையனுக்கு விடுப்பு கிடைத்தால்தான் டிக்கெட் போட வேண்டும்.

அன்புடன்,
மூர்த்தி