பெருவிரலுக்கு இடம் விடு

கொக்குவில்

அன்பு மச்சான்,

உன்ரை கடிதம் போன கிழமை கிடைச்சுது. இஞ்சை எல்லாரும் சுகம். அம்மாவுக்குத்தான் முழங்கால் நோ. இந்த முறை நல்லூர்த் தேருக்குப் போகேலாமல் போச்சுதெண்டு இன்னும் முணுமுணுத்துக்கொண்டிருக்கிறா. மூத்தவளுக்கு வவுனியாவிலை ரீச்சர் வேலை கிடைச்சிருக்கு. ஞாயிறு பின்னேரம் பஸ் ஏத்திவிடுறதும் வெள்ளி இரவு போய்க் கூட்டிவாறதும்தான் இப்ப என்ரை உத்தியோகம். சனசமூக நிலையத்து ரேபிள் ரெனிஸ் மேசைக்குப் புது வலை போட்டாச்சு. பெடியள் கரம் போட்டை விட்டிட்டு பின்னேரத்திலை அதுக்குத்தான் காத்துக்கொண்டு நிக்கினம்.

சரி, நீ கேட்ட விசயம். பேனா பிடிக்கிற மாதிரி, பென்ஹோல்ட் பிடியிலை விளையாடுற நீ, இந்த வயசிலை பற்றின்ரை பின்பக்கத்தாலை பாக்ஹாண்ட் அடிக்கப் பழகப்போறன் எண்டு எழுதியிருக்கிறாய். நல்லாப் பழகு. ஆனால் வாங்கப்போறன் எண்டு நீ அனுப்பின படமெல்லாம் காபன் போட்ட வேகமான பலகையள் (றபர் ஒட்டாத வெறும் பற்று). என்னைக் கேட்டால் உனக்கு வேகத்திலை ஒரு குறையும் இல்லை. பற்றின்ரை பாரமும் பெருவிரல் இருக்கிற இடமும்தான் உன்னைப் படுத்துது.

பள்ளிக்கூடத்திலையிருந்து நீ பிடிக்கிறது ஜப்பான் வடிவம். நீள்சதுர முகம், ஒரே தட்டிலை ஹினோக்கி எண்ட ஜப்பான் மரம், 9–10 மில்லிமீற்றர் தடிப்பு, சுட்டுவிரலைக் கொழுவ எழும்பி நிக்கிற கோர்க். ஒரு பக்கம் மட்டும் றபர் ஒட்டி, மேசை முழுக்க ஓடியோடி போர்ஹாண்ட் அடிக்கிற ஆளுக்கெண்டு செய்த சாமான் அது. 2004 ஏதென்ஸிலை கொரியாக்காரன் ரியூ சுங்-மின் அந்தப் பிடியாலைதான் சீனாக்காரன் வாங் ஹாவோவை வெண்டு தங்கம் எடுத்தவர். அப்ப அவருக்கு வயசு 22. அந்தக் கால் உனக்குமில்லை, எனக்குமில்லை. அதே பற்றுக்குப் பின்பக்கமும் றபர் ஒட்டினால் தலைப்பக்கம் கனத்துப்போம். மணிக்கட்டைத் திருப்பவே பஞ்சி வரும்.

சீன வடிவத்துக்கு மாறு. முகம் ஷேக்ஹாண்ட், அதுதான் கைகுலுக்கிற மாதிரிப் பிடிக்கிற பற்று, அது மாதிரி வட்டம், ஏறக்குறைய 160க்கு 150 மில்லிமீற்றர். பிடி 8 சென்ரிமீற்றரளவிலை கட்டையாய் இருக்கும். பின்பக்க அடியைப் பெரிய ஆட்டங்களுக்குள்ளை கொண்டுவந்தது சீனாக்காரன் லியூ குவோலியாங். 1996 அற்லாண்டாவிலை தனியாள், இரட்டையர் ரண்டிலையும் தங்கம் எடுத்தவர். பிறகு வாங் ஹாவோ பாக்ஹாண்டை ஏறக்குறைய முழுக்க அதாலையே அடிச்சார். 2009 உலகச் சம்பியன், ஆனால் 2004, 2008, 2012 எண்டு மூண்டு ஒலிம்பிக் இறுதியிலையும் வெள்ளிதான். அந்தாளை நினைச்சால் எனக்கு இப்பவும் பாவமாயிருக்கும். இஞ்சத்தைப் பெடியளுக்கு உந்தப் பழங்கதை தேவையில்லை. இதே பிடியோடை 2024 பாரிஸிலை 17 வயசிலை வெண்கலம் எடுத்த பிரான்ஸ் பெடியன் ஃபெலிக்ஸ் லெப்ரன்தான் அவைக்குக் கடவுள்.

கடையிலை எந்த மரம் எண்டு கேக்க முதல், எத்தினை கிராம் எண்டு கேள். வெறும் பலகை 80–85 கிராமுக்குள்ளை இருந்தால் எடு. வெட்டி ஒட்டின றபர் ஒண்டு 45 கிராமளவு வரும், ரண்டும் சேர்ந்தால் 170–175. அதுக்குள்ளை நிண்டால் உன்ரை மணிக்கட்டு தப்பும். கிளிப்பர் எண்டு விக்கிற மாதிரி, 7 மரத்தட்டு ஒட்டின பலகை ஒண்டு 90 கிராம் இருந்து, அதுக்குத் தடிச்ச றபரும் ஒட்டினாயெண்டால் 190க்குக் கிட்டப் போம். ஒரே கொம்பனி, ஒரே பெயர் எண்டாலும் ஒண்டுக்கொண்டு பாரம் வித்தியாசப்படும், மரம்தானே. தராசிலை வைச்சுக் காட்டச்சொல்லு, வெக்கப்படாதை. 5 தட்டு வெறும் மரம் உனக்குக் காணும். பின்பக்கத்துக்கு 1.8 மில்லிமீற்றர் ஸ்பொஞ்சிலை மெத்தெண்ட றபராய்ப் பார்.

ஷேக்ஹாண்ட் பலகையின்ரை பிடியை வாளாலை அறுத்தால் காசு மிச்சம்தானே எண்டு கேட்டிருந்தாய். அப்பிடிச் செய்யிறவையும் இருக்கினம், எனக்கு அது பிடிக்காது. 10 சென்ரிமீற்றர் பிடியிலை 2 சென்ரிமீற்றரை வெட்டினால் பின்பாரம் குறையும், தலை இன்னும் விழும். நீ தப்ப நினைக்கிறதே அந்தத் தலைப்பாரத்திலையிருந்துதான்.

இனித்தான் முக்கியமான சங்கதி. புதுப்பலகையிலை முகம் பிடியோடை சேருற தோள் ரண்டும் கூர் விளிம்பாய் இருக்கும். போர்ஹாண்டுக்குச் சுட்டுவிரல் இறுக்கும், பெருவிரல் தளரும். பின்பக்க அடிக்கு இது தலைகீழ். பெருவிரல் அழுத்தவேணும், சுட்டுவிரல் தளரவேணும், பின்னாலை உள்ள மூண்டு விரலும் கொஞ்சம் நிமிர்ந்து நுனியாலை தாங்கவேணும். அப்பத்தான் பற்றின்ரை முகம் கவிழும். விளிம்பு பெருவிரலை வெட்டத் தொடங்கினால் நீ உனக்குத் தெரியாமலே அழுத்தத்தைக் குறைப்பாய். முகம் மேலை பாக்கும், பந்து சுவருக்குப் போம். பாக்ஹாண்டெல்லாம் வெளியிலை போகுதெண்டு எழுதினாயே, எனக்கு அதிலைதான் சந்தேகம்.

றபர் ஒட்ட முதலே இதைச் செய்து முடி. வெறும் பலகையைப் பிடிச்சு, அடிக்கிற மாதிரி வீசிப்பார்த்து, ரண்டு விரலும் படுற இடத்தைப் பென்சிலாலை கீறு. முகத்துக்கு மாஸ்கிங் ரேப் ஒட்டு. மேல்தட்டு சரியான மெல்லிசு, அதிலை சாண்ட் பேப்பர் இழுபட்டால் பலகை பழுதாய்ப்போம். 120ஆம் நம்பர்த் தாளை ஒரு தடிச்ச பேனையிலை சுத்தி விளிம்பை உருட்டு, பிறகு 240, முடிவிலை 400. பெருவிரல் பக்கம் விளிம்பு மழுங்கினால் காணும், சுட்டுவிரல் பக்கம் வளைவு கொஞ்சம் ஆழமாய் இருக்கட்டும். அம்மிக் குழவி மாதிரி விரல் வழுக்கிப் போகவேணும். எங்கடை ஒழுங்கை ஓடாவியார் “உதுக்கேன் இவ்வளவு பாடு” எண்டு சீவுளியோடை வந்தார், நான் கிட்ட விடேல்லை. சீவுளி பட்டால் தட்டுத்தட்டாய்ப் பிரியும். ஒரே நாளிலை முழுக்கத் தேய்க்காதை. கொஞ்சம் தேய்ச்சு, றபர் ஒட்டி, ஒரு கிழமை விளையாடி, எங்கை உறுத்துதெண்டு பார்த்துப் பிறகு தொடு.

தேய்ச்ச இடத்துக்குத் தண்ணியிலை கரையிற வார்ணிஷ் ஒருக்கா மெல்லிசாய்ப் பூசு. இஞ்சத்தை வேர்வைக்குப் பூசாத மரம் நாரெழும்பிப்போம், உங்கடை குளிரிலை அவ்வளவு பயமில்லை.

றபரைப் பிடியோடை முட்ட ஒட்டாதை, ஒரு சின்ன விரலகலம் விடு. பெருவிரல் றபரிலை ஏறி நிண்டால் அதுவும் வழுக்கும், றபரும் கிழியும். சட்டத்திலை அதுக்கு இடமிருக்கு. பிடிக்குக் கிட்ட விரல் பிடிக்கிற பகுதி வெறுமையாய் இருக்கலாம். ஒரு பக்கம் கறுப்பாய் இருக்கவேணும், மற்றப் பக்கத்துக்கு 2021 ஒக்ரோபரிலையிருந்து பச்சை, நீலம், ஊதா, பிங்க் எல்லாம் விட்டிருக்கினம். நீ சிவப்பையே ஒட்டு. பிங்க் றபரோடை உன்னைப் பாக்க எனக்கு ஏலாது.

இன்னொண்டு, முன்பக்கத்தாலை தள்ளுற உன்ரை பழைய புளொக்கை விட்டிடாதை. சீனாக்காரன் மா லின் 2008 பெய்ஜிங்கிலை தங்கம் எடுக்கேக்கையும் ரண்டையும் கலந்துதான் ஆடினவர். நெஞ்சுக்கு நேரை வாற பந்துக்கு உன்ரை புளொக்கை மாதிரி ஒண்டும் இல்லை, நானே எத்தினை தரம் அதிலை தோத்திருக்கிறன்.

மார்கழியிலை வாறது நிச்சயமெண்டால் முதலே எழுது, பின்னறையை வெள்ளையடிச்சு வைக்கவேணும். வரேக்கை எனக்கு 1.8இலை கறுப்பு றபர் ஒண்டு கொண்டுவா, காசு இஞ்சை தாறன். பசை வேண்டாம், கொழும்பிலையிருந்து எடுப்பிச்சு வைச்சிருக்கிறன். புதுப்பலகையைத் தேய்க்கப் பயமெண்டால் அப்பிடியே பெட்டியோடை கொண்டுவா, தாளும் வார்ணிஷும் வீட்டிலை கிடக்கு.

அன்புடன்,
உன்ரை மச்சான்