ரத்த அழுத்தம் பார்க்க வீடு தேடி வருகிறவர்கள் மலப் பரிசோதனைக் குப்பியும் தரலாமே

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். புற்றுநோய் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரை நன்றாக இருந்தது, ஆனால் வாய், மார்பகம், கர்ப்பப்பை வாய் என்று மூன்றையும் விரிவாகச் சொல்லிவிட்டு பெருங்குடலை ஒரு வரியில் கடந்துவிட்டீர்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் மலத்தில் ரத்தம் கண்டால் எல்லாரும் மூலம் என்றே முடிவு கட்டிவிடுகிறார்கள். உடம்புச் சூடு என்பார்கள், யாராவது ஒரு லேகியம் சொல்வார்கள், டாக்டரிடம் போய் அந்த இடத்தைக் காட்டுவதா என்ற கூச்சம் வேறு. ரப்பர் பால் வெட்டப் போய்க்கொண்டிருந்த எங்கள் சித்தப்பாவும் இப்படித்தான் மூலத்துக்கு மருந்து தின்று நாளைக் கடத்தினார். ஆள் மெலிந்து, ரத்தம் குறைந்து, கடைசியில் திருவனந்தபுரம் ஆர்.சி.சி. புற்றுநோய் மருத்துவமனைக்குக் கொண்டுபோனபோது பெருங்குடல் புற்று கல்லீரல் வரை பரவியிருந்தது.

இங்கிலாந்தில் இருக்கும் என் அத்தானுக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. அங்கே 50 முதல் 74 வயது வரை உள்ளவர்களுக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அரசே தபாலில் ஒரு கிட் அனுப்புகிறது. சிறு குப்பி, அதன் மூடியோடு சேர்ந்த குச்சி, அவ்வளவுதான். குச்சியால் மலத்தைச் சுரண்டி, குப்பியில் இருக்கும் திரவத்தில் விட்டு மூடி, தேதி எழுதித் தபாலில் போட வேண்டியது. கண்ணுக்குத் தெரியாத அளவு ரத்தம் இருந்தாலும் லேபில் பிடித்துவிடுவார்கள். அவருக்கு ரத்தம் இருப்பதாக வந்தது, கொலனோஸ்கோப்பி, அதாவது ஆசனவாய் வழியாகக் கேமராக் குழாய் விட்டுக் குடலைப் பார்ப்பது, செய்தார்கள், குடலில் பாலிப் என்கிற ஒரு சிறு சதை வளர்ச்சி இருந்தது, அப்போதே எடுத்துவிட்டார்கள். இந்தப் பாலிப் புற்றாக மாறப் பல வருடங்கள் ஆகும், அந்த இடைவெளியில் பிடிப்பதற்குத்தான் இந்த டெஸ்ட்.

மேலை நாடுகளைவிட இந்த நோய் இங்கே குறைவு என்பது உண்மைதான். சரி, அதற்காக ஒன்றுமே செய்யாமல் இருப்பதா? 2023-ல் தமிழக அரசு புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டத்தை முதலில் தொடங்கிய நான்கு மாவட்டங்களில் நம் கன்னியாகுமரியும் ஒன்று. அதில் நீங்கள் எழுதிய அந்த மூன்று புற்றுநோய்கள்தான் உண்டு, பெருங்குடல் இல்லை. மக்களைத் தேடி மருத்துவத்தில் சுகரும் ரத்த அழுத்தமும் பார்க்க அக்காமார் வீட்டுக்கே வருகிறார்கள். 50 தாண்டியவர்களுக்கு அவர்கள் கையில் ஒரு குப்பியைக் கொடுத்து, மறுநாள் வாங்கி ஆரம்ப சுகாதார நிலையத்தில் சேர்க்கச் சொன்னால் என்ன? நம் மாவட்டத்தில் மட்டுமாவது முதலில் செய்து பார்க்கலாம். ரத்தம் இருப்பதாக வருகிறவர்களுக்கு ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தாமதமில்லாமல் கொலனோஸ்கோப்பி கிடைக்க வழி செய்தபிறகுதான் இதைத் தொடங்க வேண்டும், இல்லாவிட்டால் ஜனங்களைப் பயமுறுத்தியது மட்டும்தான் மிஞ்சும்.

செய்முறை விளக்கத்தையும் நம் வீட்டுக் கழிப்பறைக்கு ஏற்றபடி எழுத வேண்டும். அந்த ஊர்த் தாளில் போட்டிருக்கும் படம் உட்காரும் கோப்பைக்கானது. குத்துக்காலிட்டு உட்காரும் நம்மவர்கள் தண்ணீர் ஊற்றுவதற்கு முன்பே, பழைய தாளிலோ அகலமான ஒரு பிளாஸ்டிக் பாத்திரத்திலோ பிடித்து, அதிலிருந்து எடுக்க வேண்டும். மாதவிடாய் நாட்களில் எடுக்கக் கூடாது. இதையெல்லாம் வெட்கப்படாமல் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும்.

தனியார் லேப்களிலும் மலத்தில் மறைந்த ரத்தம் பார்க்கிறார்கள். அதில் பழைய முறை ஒன்று உண்டு, அதற்கு முன்னால் சில நாட்கள் மாட்டிறைச்சி, ஆட்டிறைச்சி, வைட்டமின் சி மாத்திரை எல்லாம் நிறுத்த வேண்டியிருக்கும். மனித ரத்தத்தை மட்டும் கண்டுபிடிக்கும் ஃபிட் என்ற முறைக்கு அந்தப் பத்தியம் தேவையில்லை, எது என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

அப்புறம் முக்கியமான ஒன்று. ரத்தம் கண்ணுக்கே தெரிகிறது, வெளிக்கிப் போகும் வழக்கம் வாரக்கணக்கில் மாறியிருக்கிறது, காரணமில்லாமல் எடை குறைகிறது, ரத்தசோகை என்கிறார்கள் என்றால் வீட்டில் டெஸ்ட் செய்து ‘ஒன்றுமில்லை’ என்று வந்தாலும் நம்பி இருந்துவிடாதீர்கள், நேராக டாக்டரிடம் போங்கள். அப்பா, அம்மா, உடன்பிறந்தவர்களில் யாருக்காவது இந்த நோய் வந்திருந்தால் 50 வயது வரை காத்திருக்காமல் முன்கூட்டியே டாக்டரிடம் கேளுங்கள். சித்தப்பா பிள்ளைகளிடமும் நான் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.