ஒரே டிக்கெட்டாகப் போடு, அம்மிணி

அன்புள்ள அம்மிணிக்கு,

போனில் பேசினால் ரெண்டே நிமிசத்தில் "சரிங்கப்பா, வேலை இருக்குதுங்க" என்று வைத்துவிடுகிறாய், அதனால் நானே உட்கார்ந்து தட்டுகிறேன். இது உன் தம்பிக்குத் தெரியாது.

மார்கழியில் பாரியூர் அம்மன் கோயில் குண்டம் திருவிழா. வருவதாக இருந்தால் இப்போதே டிக்கெட் போடு, அங்கே சிட்னியில் பள்ளிக்கூட லீவு ஆரம்பித்துவிட்டால் விலை ஏறிவிடும். கோயமுத்தூருக்குச் சிங்கப்பூர் வழியாகவே வா. பேரனின் உலக உருண்டையில் சிட்னிக்கும் கோயமுத்தூருக்கும் நூல் பிடித்துப் பார்த்தேன், சிங்கப்பூர் கிட்டத்தட்ட அந்த நூல் மேலேயே இருக்கிறது. நேராகப் பறந்தால் 9,270 கிலோமீட்டர், அப்படி வந்தால் 9,450. இருநூறு கிலோமீட்டர்கூடச் சுற்று இல்லை. சிட்னியிலிருந்து சிங்கப்பூருக்கு எட்டு மணி நேரம், அங்கிருந்து இங்கே நாலு மணி நேரம் சொச்சம். மேற்கே இருந்து அடிக்கும் மேல்காற்று வரும்போது எதிரில் நிற்கும், அதனால் வருகிற பயணம்தான் கொஞ்சம் இழுக்கும். பெங்களூருக்கு நேர் விமானம் 2022 முதல் இருக்கிறது, தெரியும். ஆனால் அங்கே இறங்கினால் ஊருக்கு வரும் வழியில் திம்பம் மலைப்பாதையை ராத்திரியில் அடைத்துவிடுவார்கள், அது வேண்டாம். முப்பது வருசம் பஸ் ஸ்டாண்டில் டைம் எழுதினவன் சொல்கிறேன், கேள்.

ஒரே டிக்கெட்டாகப் போடு. தனித்தனியாக வாங்கினால் முதல் விமானம் தாமதமானால் அடுத்ததுக்கு யாரும் பொறுப்பில்லை. இடையில் மூணு மணி நேரமாவது விடு.

ஊரில் எல்லாரிடமும் என் மகள் சிட்னியில் இருக்கிறாள் என்று சொல்லிக்கொண்டுதான் திரிகிறேன். எப்போது வருகிறாள் என்று கேட்டால்தான் பேச்சை மாற்ற வேண்டியிருக்கிறது. உன் அம்மாவைப் பெற்ற அமுச்சியின் காரியத்துக்கும் வரவில்லை, சரி, அதை விடு.

அக்டோபரில் அங்கே கடிகாரத்தை முன்னால் தள்ளியதிலிருந்து அஞ்சரை மணி நேர வித்தியாசம். நான் ராத்திரி ஒன்பதரைக்குப் பார்க்கும்போதெல்லாம் நீ ஆன்லைனில் இருக்கிறாய். அங்கே அப்போது விடிகாலை மூணு மணி. அந்நேரத்துக்கு என்ன வேலை என்று நான் கேட்கவில்லை. மாப்பிள்ளை குரலும் போனில் கேட்டு நாளாகிறது, முன்பெல்லாம் பின்னாலிருந்து "மாமா, மழை உண்டுங்களா" என்பார். உன் அம்மாவும் கவனித்திருக்கிறாள், என்னிடம் சொல்லவில்லை, ஆனால் சாமி அறையில் கொஞ்சம் கூடுதலாக நிற்கிறாள்.

ரெண்டு டிக்கெட் என்றால் ரெண்டு, ஒண்ணு என்றால் ஒண்ணு. ரிட்டர்ன் சேர்த்துப் போட்டால் விலை குறையும் என்கிறார்கள், குறையட்டும், நீ போடாவிட்டாலும் பரவாயில்லை. பணம் வேண்டுமானால் சொல், மஞ்சள் விற்ற காசு பாங்கில்தான் கிடக்கிறது.

குன்னத்தூர், அவிநாசி வழியாக வந்தால் விமான நிலையத்துக்கு ரெண்டு மணி நேரம். காரில் எத்தனை பேருக்கு இடம் வேண்டும் என்று மட்டும் எழுது. மறக்காமல் ஒரே டிக்கெட்டாகப் போடு.

அப்பா