மருந்து அடித்தால் வைரஸ் போகாது

ஆசிரியருக்கு வணக்கம்.

எலுமிச்சை இலை வெளுக்கிறது, காயும் பிடிக்கவில்லை என்று கேட்டிருந்த வாசகருக்கு, நுண்ணூட்டம் தெளியுங்கள் என்று உங்கள் வேளாண் பக்கத்தில் பதில் வந்திருந்தது. துத்தநாகக் குறை என்றால் சரி, ஆனால் வைரஸாகவும் இருக்கலாம் என்று ஒரு வரிகூட இல்லையே! பெங்களூருவில் வேலை பார்த்துக்கொண்டு ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் கொஞ்சம் நிலம் வைத்திருக்கும் தமிழர்கள் இங்கே நிறையப் பேர், ஊருக்குப் போகிற வழியில் ஏதாவது ஒரு நர்சரியில் ஒட்டுக்கன்று வாங்கி வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் நட்டுவிடுகிறோம்.

எலுமிச்சை, ஆரஞ்சு வகை மரங்களைத் தாக்கும் டிரிஸ்டீசா என்ற வைரஸைத்தான் சொல்கிறேன், அது புகுந்த மரத்தைக் குணப்படுத்த எந்த மருந்தும் கிடையாது. இளம் இலையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் நரம்புகள் விட்டுவிட்டு வெளுத்துத் தெரியும், கிளையின் பட்டையை உரித்தால் கட்டையில் குழி குழியாக இருக்கும், நாட்டு எலுமிச்சையில் இது நன்றாகவே தெரியும். சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சிதான் இதை மரத்துக்கு மரம் பரப்புகிறது, அதைக் கட்டுப்படுத்தினால் பரவுவது கொஞ்சம் மட்டுப்படலாம், அவ்வளவுதான். புதுத் தோட்டத்துக்குள் நோயை நாமே காசு கொடுத்துக் கொண்டுவருவது ஒட்டுக்கன்று வழியாகத்தான். தாய்மரத்தில் வைரஸ் இருந்தால் ஒட்டுக் கட்ட அதில் எடுக்கும் மொட்டிலும் வரும், வாங்கும்போது கன்று பச்சைப்பசேல் என்று இருக்கும், நமக்கு எப்படித் தெரியும்? விதை வழியாக இது பரவுவதில்லை என்பதையாவது எழுதியிருக்கலாம்.

1930-களில் பிரேசிலிலும் அர்ஜென்டினாவிலும் புளிப்பு ஆரஞ்சு வேர்ச்செடியில் (ஒட்டுக்கு வேராக அடியில் இருக்கும் செடி) ஒட்டிய மரங்கள் லட்சக்கணக்கில் இந்த நோயில் செத்தன, அப்புறம் பிரேசில் ரங்பூர் எலுமிச்சை வேர்ச்செடிக்கு மாறித்தான் தப்பித்தது. அவ்வளவு தூரம் எதற்கு, பக்கத்தில் குடகு ஆரஞ்சு நலிந்ததற்கு இந்த வைரஸும், கிரீனிங் என்ற பாக்டீரியா நோயும், வேரழுகலும் சேர்ந்துதான் காரணம்.

நர்சரியில் தாய்மரத்தைப் பரிசோதித்தீர்களா என்று கேட்டால் "நல்ல ரகம் சார், தைரியமா வாங்குங்க" என்கிறார்கள். ரகத்தை யார் கேட்டது? பரிசோதித்த தாய்மரத்தைப் பூச்சி புகாத வலைக்கூடத்தில் வைத்து, அதிலிருந்து மட்டுமே மொட்டு எடுக்க வேண்டும், அதற்கான சான்று இல்லாமல் கன்று விற்க அரசு விடவே கூடாது.

இந்திய தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் இங்கே ஹெசரகட்டாவில்தான் இருக்கிறது. உங்கள் நிருபர் ஒரு நாள் போய், நோயில்லாத கன்று எங்கே கிடைக்கும், சந்தேகமான இலையை எங்கே பரிசோதிக்கலாம் என்று கேட்டு, மழை தொடங்கி எல்லோரும் கன்று வாங்கக் கிளம்பும் முன்பே அந்தப் பதிலைத் திருத்திப் போடுங்கள்.

ஒரு வாசகர்,
பெங்களூரு