கம்பெனி ரிம்மைக் கொடுத்துவிடாதே

தூத்துக்குடி

அன்புள்ள கணேசா,

உன் கடிதம் வந்தது. மகளுக்கு வேலை கிடைத்த செய்தியை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். அம்மாவுக்குத்தான் சந்தோஷம் தாங்கவில்லை. "சின்னதில் நம் வீட்டுத் திண்ணையில் விளையாடிய பிள்ளையா!" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவருக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சொட்டு மருந்து மட்டும் இன்னும் விடுகிறோம்.

சரி, உன் ஆல்ட்டோ விஷயத்துக்கு வருகிறேன். பழைய ரிம்மைக் கடையில் கொடுத்துவிட்டு 14 அங்குல அலாய் ரிம் (அலுமினியக் கலவையில் வார்த்தது) போடப் போவதாக எழுதியிருக்கிறாய். கொஞ்சம் பொறு. அந்த வண்டிக்குக் கம்பெனி கொடுத்தது 12 அங்குல இரும்பு ரிம். ஸ்டியரிங், சஸ்பென்ஷன் எல்லாம் அந்த அளவுக்குத்தான் அமைத்திருக்கிறார்கள். பெரிய ரிம் போட்டால் டயரின் பக்கச் சுவர் குறுகிவிடும், பள்ளத்தில் விழும் அடி நேராக ரிம்முக்குப் போகும். அகலமான டயரும் சேர்ந்துகொண்டால், பவர் ஸ்டியரிங் இல்லாத உன் வண்டியைத் திருப்பி நிறுத்தத் தோள் வலிக்கும். இரும்பு ரிம் லேசாக நெளிந்தால் தட்டி நேராக்கலாம். வார்ப்பு அலாய் விரிசல் விட்டால் மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

பின் இடது டயரில் வாரா வாரம் காற்று இறங்குகிறது, ஆணியும் இல்லை, வால்வும் சரியாக இருக்கிறது என்று எழுதியிருந்தாயே, அதற்கும் ரிம்முக்கும் சம்பந்தம் இருக்கலாம். டியூப்லெஸ் டயரில் காற்றைப் பிடித்து நிறுத்துவதே டயரின் ஓரம் ரிம்மோடு ஒட்டி உட்காரும் அந்த வளையம்தான். அங்கே துரு பிடித்துப் பெயிண்ட் செதிலாகக் கிளம்பினால் ரப்பர் சரியாகப் படியாது. சோப்புத் தண்ணீரைக் கரைத்து விளிம்பு முழுக்கத் தடவிப் பார். ஓரிடத்தில் நுரை பொடிப்பொடியாகக் கிளம்பினால் கோளாறு அங்கேதான்.

என் சான்ட்ரோவிலும் இதே கதைதான். கடல் காற்று இரும்பை என்ன செய்யும் என்று இந்த ஊரில் யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. வீல் கப்பைக் கழற்றினால் உள்ளே செம்மண் நிறத்தில் பொடி கொட்டியது. வெளியே பளபளவென்று இருந்தாலும் கப்புக்குள் தண்ணீர் தங்கித் தங்கித் துரு ஏறுகிறது. மழையெல்லாம் ஓய்ந்து, தை பிறந்ததும் ரிம்களின் துருவைச் சுரண்டிப் புதுப் பெயிண்ட் அடிக்கும் வேலையைப் போர்டிகோவிலேயே ஆரம்பித்தேன். முதலில் ஸ்டெப்னியை முடித்து அதை மாட்டிவிட்டு, கழற்றியதை அடுத்து எடுத்துக்கொண்டேன். வண்டி ஒருநாளும் ஓடாமல் நிற்கவில்லை.

நேரம் போவதெல்லாம் சுரண்டுவதில்தான். முதலில் சோப்புப் போட்டுக் கழுவி, பிரேக் பொடியை எடுத்துவிட வேண்டும். அதில் இரும்புத் துகள் இருக்கிறது, விட்டுவிட்டால் புதுப் பெயிண்டுக்கு அடியிலேயே துருவாகும். அப்புறம் டிரில்லிங் மெஷினில் கம்பி பிரஷ் மாட்டித் துருவை எடுத்தேன். கண்ணாடியும் மாஸ்க்கும் இல்லாமல் இதைத் தொடாதே. குழி விழுந்த இடங்களில் 80 நம்பர் எமரித் தாள், பிறகு 240, கடைசியில் 400. பழைய பெயிண்ட் உறுதியாகப் பிடித்திருக்கும் இடத்தில் அதை முழுக்க உரிக்கத் தேவையில்லை, பளபளப்பு போகும்வரை தேய்த்தால் போதும். பழைய பெயிண்டும் வெறும் இரும்பும் சந்திக்கும் ஓரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பார்க்க வேண்டும். விரலுக்கு ஒரு படி தட்டினால், பெயிண்ட் அடித்த பிறகு அது கண்ணுக்கும் தெரியும். எல்லாம் முடிந்ததும் தின்னரில் துடைத்துவிட்டு, அப்புறம் வெறுங்கை படக் கூடாது.

டயரை மறைக்க நல்ல வழி, பழைய கல்யாணப் பத்திரிகைகள். காற்றை இறக்கிவிட்டு, டயருக்கும் ரிம் விளிம்புக்கும் நடுவே அந்தத் தடித்த அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்று ஏறினாற்போல் சுற்றிலும் செருகினால் டேப்பை விடச் சுத்தமாக மறைக்கிறது. காற்று இறங்கும் அந்தப் பின் சக்கரத்துக்கு மட்டும் டயர் கடையில் டயரையே கழற்றி வாங்கு. டயர் உட்காரும் வளையத்தைச் சுரண்டி மெலிசாக ஒரு கோட் பிரைமர் (அடிப்பூச்சு) மட்டும் கொடு, தடிமன் வேண்டாம்.

இரண்டு இடத்தில் பெயிண்டே படக் கூடாது, இதை மறந்துவிடாதே. ஒன்று, ரிம்மின் பின்பக்கம், வண்டியில் சக்கரத்தை மாட்டும் ஹப்போடு ஒட்டும் தட்டையான பகுதி. இன்னொன்று, நட்டு வந்து உட்காரும் சரிவான குழி. அங்கே பெயிண்ட் இருந்தால் ஓட ஓட அது நசுங்கி மெலியும், நட்டின் இறுக்கம் குறையும். குழிகளில் காகிதத்தைச் சுருட்டிச் செருகிவிடு.

பிரைமர் இரண்டு மெல்லிய கோட், 600 வாட்டர் பேப்பரில் லேசாக ஒரு தேய்ப்பு, பிறகு சில்வர் பெயிண்ட், கடைசியில் கிளியர் என்ற நிறமில்லாத மேல்பூச்சு. ஒவ்வொரு கோட்டுக்கும் நடுவே பத்து நிமிடம் விடு. ஸ்ப்ரே கேனை ஒரு சாண் தூரத்துக்குக் கிட்டே கொண்டுபோகாதே, போனால் வழியும். மழை ஈரம் இருக்கும் நாளில் அடித்தால் கிளியர் வெள்ளையாகப் பூத்துப்போகும். இங்கே மதியத்துக்கு மேல் கடல் காற்று தூசியைக் கிளப்புவதால் காலையில் முடித்துவிடுவேன். காய்வதற்கு இரண்டு நாளாவது விட்டு மாட்டு. நட்டுகளை வரிசையாக இறுக்காமல் எதிரெதிராக இறுக்கு, ஐம்பது அறுபது கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஒருமுறை பார். டயரைக் கழற்றிய சக்கரத்துக்கு வீல் பேலன்சிங் கட்டாயம்.

பெயிண்ட் பொடியைத் தூவிச் சூட்டில் உருக்கிப் பிடிக்கவைக்கும் பவுடர் கோட்டிங் இன்னும் உறுதிதான், மறுக்கவில்லை. ஆனால் 180 டிகிரிக்கு மேல் அடுப்பில் வைப்பார்கள் என்பதால் எல்லா டயரையும் கழற்ற வேண்டும், செலவும் கூடும். உனக்கு இது போதும்.

மாசியில் கோவைக்கு ஒரு கல்யாணத்துக்கு வருகிறேன். சோப்புத் தண்ணீர் சோதனையைச் செய்துவிட்டு எழுது. துருதான் என்றால் கம்பி பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு வருகிறேன், இரண்டு பேருமாகச் செய்துவிடலாம். தங்கச்சிக்கும் மகளுக்கும் என் அன்பைச் சொல்.

உன்,
சேகர்