மார்ச் 31ல போய் உக்காந்த ஏப்ரல் பில்லு

மாப்ள,

எப்படி இருக்கே? கோபியில வாய்க்கால்ல தண்ணி விட்டாச்சா? அப்பாருக்கு மூட்டுவலி தேவலையா? இங்க எல்லாரும் சௌக்கியம்.

நீ மஞ்சள் மண்டிக்கு பில்லிங் சாப்ட்வேர் எழுத ஆரம்பிச்சிருக்கேன்னு சொன்னதுல இருந்து இதை உங்கிட்ட சொல்லணும்னே இருந்தேன். இங்க திருப்பூர்ல ஒரு கார்மென்ட்ஸ்க்கு நாங்க எழுதிக் குடுத்ததுல, ஏப்ரல் 1ந்தேதி போட்ட இன்வாய்ஸ் எல்லாம் ரிப்போர்ட்ல மார்ச் 31ன்னு வந்து நிக்குது, ஒரு நாள் தானேன்னு விட முடியுமா, நிதியாண்டே மாறிப் போகுது, ஜிஎஸ்டி மாசமும் மாறுது, ஆடிட்டர் வெடியாலயே போன் பண்ணிட்டாரு. டேட்டாபேஸைத் தொறந்தா 2025-03-31 18:30. அந்த 18:30ஐப் பார்த்ததுமே புரிஞ்சு போச்சு. தேதியை மட்டும் செலக்ட் பண்ணினா பிரவுசர் அதை நம்மூர் ராத்திரி 12 மணின்னு வச்சுக்குது, சர்வருக்கு அனுப்பறப்ப யுடிசியா, அதாவது நம்ம டைமுக்கு அஞ்சரை மணி பின்னால இருக்கற உலகப் பொது நேரமா மாத்துது, அஞ்சரை மணி நேரம் கொறைஞ்சு முந்தின நாளுக்குப் போயிருது.

சரி, எல்லாத்துக்கும் அஞ்சரை மணி கூட்டிட்டாப் போச்சுன்னு பார்த்தா சிலது 20:00ன்னு இருக்கு மாப்ள! விசாரிச்சா மொதலாளி துபாய் போயிருந்தப்ப அங்கிருந்து போட்ட பில்லு, லேப்டாப் தானா அந்த ஊரு டைமுக்கு மாறியிருக்கு. மூணு ராத்திரி உக்காந்து ஒவ்வொண்ணா பார்த்து சரி பண்ணினோம்.

எம்பொண்ணு ராத்திரி ரெண்டு மணிக்குப் பொறந்தா இல்ல, அப்பத்தா இன்னமும் அவ வியாழக்கெழமை பொறந்தவன்னுதான் சொல்லும், பஞ்சாங்கத்துக்கு பொழுது கெளம்பினாத்தான் அடுத்த நாள். சர்டிபிகேட்ல வெள்ளி. ரெண்டும் சரிதான். பொறந்த நிமிசம் ஒண்ணு, தேதி யார் கணக்குங்கறதுதான் வேற.

அதனால பில் தேதி, பொறந்த தேதி இதெல்லாம் டேட்டாபேஸ்ல தேதி மட்டும் வைக்கிற டேட் காலம் (column)லயே வை, டைம் ஒட்டாத. யார் எப்ப என்டர் பண்ணாங்கங்கறதை மட்டும் யுடிசில வை. நாளைக்கு மஞ்சள் ஜெர்மனிக்குப் போய் அங்க காலைல 10 மணிக்கு மீட்டிங்னா, குளிர்காலத்துல நமக்கு மத்தியானம் ரெண்டரை, மார்ச் கடைசி ஞாயித்துக்கெழமையில இருந்து ஒன்றரை, அதுக்கு யுடிசியோட ஒரு மணி கூட்டற மாதிரி +1ன்னு போட்டு வைக்காம யூரோப்/பெர்லின்னு ஊர் பேரையே சேத்து வை.

டேட்டாபேஸ்ல டேபிள் போட்டுட்டியா இன்னும் இல்லையா? மாரியம்மன் நோம்பிக்கு வர்றப்ப லேப்டாப்பைக் கொண்டா, டேட்டா ஏர்றதுக்குள்ள ஒருக்கா உக்காந்து பார்த்துரலாம். அம்மாவைக் கேட்டதாச் சொல்லு.