17ஆம் நம்பர்

கல்லடி, மட்டக்களப்பு.

மச்சான்,

சுகமா? சித்திரைக்குப் பிறகு ஒரு வரிகூடப் போடவில்லை என்று ஏசியிருப்பாய். ஏசு. இங்கே எல்லாரும் சுகம். கட்டையன் இன்னும் அந்தக் காசைத் தரவில்லை.

விசயம் இதுதான். அம்பாறைப் பக்கம் ஒரு நெல் ஆலையின் கணக்கு சொஃப்ட்வெயார் என் தலையில் விழுந்திருக்கிறது. எனக்கு முன்னே மூன்று பேர் கை வைத்தது. முதலாமவர் டேட்டாபேஸை அழைக்க எழுதியதெல்லாம் மைஎஸ்கியூஎல்_குவெரி என்ற பழைய பிஎச்பி கட்டளை. 2015இல் பிஎச்பி மொழியின் 7ஆம் பதிப்பு வந்தபோதே அதைத் தூக்கிவிட்டார்கள். ஆலையின் சர்வர் பழைய பிஎச்பி 5.6இலேயே கிடப்பதால் ஓடுகிறது. அந்த 5.6க்கும் 2018 முடிவோடு பாதுகாப்பு அப்டேட் நின்றுபோனது. இரண்டாமவர் கோட்இக்னைட்டர் என்ற பிஎச்பி கட்டமைப்பைக் கொண்டுவந்து பாதியில் விட்டுப் போனார். மூன்றாமவர் வேரியபிளுக்கு நெல்நிறை, சாக்குக்கழிவு என்று தமிழை இங்கிலீஷ் எழுத்தில் வைத்திருக்கிறார். சிரிக்காதே, எனக்கு விளங்கியது அவருடையதுதான்.

என் புத்திதான் உனக்குத் தெரியுமே. வந்ததும் வரிகளை ஒழுங்காக அடுக்கும் ஃபோர்மேட்டரை ஓடவிட்டு எல்லா ஃபைலையும் பிஎஸ்ஆர்-12 என்ற எழுத்து ஒழுங்குக்கு மாற்றினேன். பார்க்க அவ்வளவு வடிவு. அந்தப் புளுகத்தில், மூட்டைக்கு ஒரு கிலோ சாக்குக் கழிவு கழிக்கும் இடத்தில், 'கஸ்டமர் 17 என்றால் கழிக்காதே' என்று கிடந்த வரியையும் அழித்துவிட்டேன். ஏன் என்று விளக்கும் கொமென்ட் ஒன்றும் இல்லை. நம்பரை இப்படியா கோட்டுக்குள் எழுதுவது?

மறுநாள் வெள்ளனவே போன். 17 யார் தெரியுமா? முதலாளியின் மாமனார்! 64 மூட்டை கொடுத்த மனிசன் கையில் 64 கிலோ குறைந்த பில். முதலாளி கத்தவில்லை மச்சான், கிசுகிசுத்தார். பக்கத்தில் மனைவி நின்றிருக்க வேண்டும். ஃபோர்மேட்டர் மாற்றியதும் நான் அழித்ததும் ஒரே கொமிட்டில், ஒரே பதிவாக, போனதால், ஆயிரக்கணக்கான வரிக்குள் அந்த ஒன்றைத் தேடிப் பிடிக்க மத்தியானம் ஆகிவிட்டது. அடைப்புக்குறி எங்கே வரவேண்டும் என்று பிஎஸ்ஆர்-12 சொல்லும். மாமனாரைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

இப்போது முதலாளி எல்லாவற்றையும் லாரவெல் என்ற இன்னொரு பிஎச்பி கட்டமைப்பில் புதிதாக எழுதச் சொல்கிறார். போன மாதம் என்றால் துள்ளிக் குதித்திருப்பேன். இப்போது பயமாக இருக்கிறது. இன்னும் எத்தனை 17 உள்ளே கிடக்கிறதோ? எழுதினவர்களில் ஒருவர் கனடாவில், மற்ற இருவரும் போன் எடுப்பதில்லை. நான் நினைப்பது, முதலில் டேட்டாபேஸ் அழைப்புகளை மட்டும் புதிய பிஎச்பியிலும் ஓடும் பிடிஓ முறைக்கு மாற்றி, சர்வரைப் புதிய பதிப்புக்கு ஏற்றுவது. மறுகா ஒவ்வொரு பகுதியாக லாரவெல்லுக்கு எடுத்து, பழைய பில்களை இரண்டிலும் ஓடவிட்டு, சதம் பிசகாமல் வந்தால் மட்டும் மாற்றுவது. நீ இப்படி ஒன்றைக் கட்டி இழுத்தவன். சரிவருமா, சொல்லு.

மற்றது, 43ஆம் நம்பருக்கு மூட்டைக்கு இரண்டு கிலோ கழிகிறது. ஏன் என்று முதலாளியிடம் கேட்க இன்னும் துணிவு வரவில்லை.

உன்
கல்லடியான்